தூணைச் சுற்றிப் போகும் விமானம்

ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அந்த ஊர்களே முடிவு செய்துகொள்ள முடியாது. அப்படி விட்டால் நாடு உருப்படுமா? அதற்கென்று ஓர் அலுவலகம் வேண்டும். அலுவலகத்துக்கு ஓர் அதிகாரி வேண்டும். அதிகாரிக்கு ஒரு சுழல் நாற்காலி வேண்டும். இவை இருந்துவிட்டால் தூரம் தானாக வந்துவிடும். எங்களிடம் எல்லாம் இருந்தன.

வெளியூர்த் தூர நிர்ணய மற்றும் பயண நேரச் சான்றிதழ் அலுவலகம் என்பது முழுப்பெயர். பெயர்ப்பலகை வாசலைவிட அகலம். நான் அங்கே நூல் பிடிப்பாளர், நிலை இரண்டு. பத்தொன்பது வருஷ சர்வீஸ். சிரிக்க வேண்டாம். நூலின் ஒரு முனையை நான் பிடிக்காவிட்டால், இந்த ஊர் அரசு ஊழியர் எவரும் வெளிநாட்டில் சாகக் கிடக்கும் அப்பனைப் பார்க்கப் போக முடியாது. இன்னொரு முனையைப் பிடிப்பவனுக்கு, ஊர்ப் புள்ளிமேல் குண்டூசி குத்துவதும் வேலை என்பதால், குண்டூசி என்றே பெயராகிவிட்டது. அவன் சம்பளச் சீட்டில் என்ன பெயர் இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டது.

விதி ரொம்ப எளிமையானது. அரசு ஊழியரின் ரத்த உறவு ஒன்று கடைசி மூச்சில் இருந்தால் எழுபத்திரண்டு மணி நேரம் விடுப்பு உண்டு. போவது, பார்ப்பது, வருவது எல்லாம் அதற்குள். ஆனால் போய் வரும் நேரமே எழுபத்திரண்டைத் தாண்டிவிட்டால் விடுப்பு கிடையாது. "சென்றடைய இயலாத இடத்திற்கு விடுப்பு வழங்குவது ஊழியருக்கு வீண் அலைச்சலையும் மனவருத்தத்தையும் ஏற்படுத்தும் என்பதால்" என்று விதியிலேயே காரணம் போட்டிருக்கிறது. பாருங்கள், எவ்வளவு அக்கறை. அந்த நேரத்தை அளந்து சொல்வதுதான் எங்கள் வேலை.

அளப்பதற்குச் சுவரில் ஓர் உலகப் படம். ஒரு சென்டிமீட்டருக்கு நூறு கிலோமீட்டர். இரண்டு பெரிய தாள்களாக வந்தது, சேர்த்து ஒட்டினால் நாலு மீட்டர். வாங்கியவர் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்க்கவில்லை. எங்கள் சுவரின் நட்டநடுவே ஒரு தூண். சுவரைவிட்டு நாற்பத்தைந்து சென்டிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு, அறுபது சென்டிமீட்டர் அகலத்துக்கு நிற்கும். என்ன செய்வது? பாதி உலகத்தைத் தூணுக்கு இந்தப் பக்கமும் மீதியை அந்தப் பக்கமும் ஒட்டிவிட்டார்கள்.

அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. நூலைத் தூணில் படாமல் இரு பக்கமும் தனித்தனியே அளந்து கூட்டியிருக்கலாம். ஆனால் முதல் அதிகாரி கறாரான மனிதர். ஆகாதவனைப் போகவிடக் கூடாது என்று யாரோ நூலைத் தொய்வாகப் பிடித்துவிட்டார்களாம். "நூல் எவ்விடத்தும் தொய்வின்றிச் சுவரை ஒட்டியே செல்ல வேண்டும்" என்று உத்தரவு போட்டார். தூணும் சுவரில்தானே இருக்கிறது? ஆக, நூல் இடப்பக்க உலகத்தில் கிளம்பி, தூணின் ஒரு பக்கவாட்டில் ஏறி, முகப்பைக் கடந்து, மறுபக்கம் இறங்கி, வலப்பக்க உலகத்துக்குப் போகும். நூற்றைம்பது சென்டிமீட்டர். அதாவது பதினைந்தாயிரம் கிலோமீட்டர் வெறும் சிமென்ட். ஃபைலில் அதற்கு "இடைத்தூரம்" என்று பெயர். நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

போன வருஷம் எங்கள் இயக்குநர் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய்வந்தார். போனவர் வேறு, வந்தவர் வேறு. வந்ததும் கூட்ட அறையின் நாற்காலிகளைத் தூக்கச் சொன்னார். நின்றுகொண்டே பேசினால் யோசனை வேகமாக வருமாம். வந்தது முழங்கால் வலிதான். பிறகு கவுன்டரில் ஒரு மெஷின் வைத்தார். ஐந்து முகம் இருக்கும், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. சான்றிதழ் வாங்கியவர்கள் தங்கள் அனுபவம் எப்படி என்று ஒரு முகத்தை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று வந்து, போக முடியாது என்று எழுதி வாங்கிக்கொண்டவர்களும் அமுக்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் சிரிக்கிற முகத்தை அமுக்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். பழக்கதோஷம் போல.

அதற்கப்புறம் அவர் கண் தூண்மேல் விழுந்தது. "இந்தத் தூண் மூடையே கெடுக்குது" என்றார். இன்டீரியர்க்காரர்கள் வந்தார்கள். கணுக்கால் தெரியப் பேன்ட் போட்டிருந்த மூன்று பேர். தூணைச் சுற்றிவந்து தடவிப் பார்த்து, அது பேச ஆசைப்படுகிறது, நாம்தான் விடவில்லை என்றார்கள். மரப்பலகை அடித்து, உள்ளே விளக்கு வைத்து, செடித்தொட்டிக்குத் தட்டு வைத்து, மூன்று பக்கமும் பதினைந்து சென்டிமீட்டர் ஏற்றிவிட்டார்கள். ரிப்பன் வெட்டி, கேக் வெட்டி, கைதட்டினோம். நானும் கேக் தின்றேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் முதல் மனுவுக்கு நூல் எட்டவில்லை. தூண் இருநூற்றுப் பத்து சென்டிமீட்டர் ஆகியிருந்தது. ஒரே ராத்திரியில் உலகம் ஆறாயிரம் கிலோமீட்டர் நீண்டுவிட்டது. புது நூல் கேட்டு மேலே எழுதினோம், இரண்டு வாரத்தில் வந்தது. இயக்குநர் நின்றுகொண்டே கூட்டம் போட்டு, அலுவலகத்தின் வீச்சு விரிவடைந்திருப்பதாகச் சொன்னார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை டீச்சர் வந்தாள். ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும். புடவை முந்தானையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"எங்க அண்ணன் சார். கப்பல் கட்டுற இடத்துல வெல்டிங் வேலை. நுரையீரல் போச்சு. ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு நாள்னு டாக்டர் சொல்லிட்டார். அங்க அவருக்கு வேற யாருமில்ல. போன் பண்ணினா, கெளம்பிட்டியா, கெளம்பிட்டியான்னு அது ஒண்ணுதான் கேக்கறார்."

இயக்குநர் தலையை ஒருபக்கம் சாய்த்து இருபது விநாடி கேட்டார். அதுவும் பயிற்சியில் கற்றுக்கொண்டதுதான். பிறகு எங்களைப் பார்த்தார். குண்டூசி போய் இந்த ஊரில் குத்தினான். நான் நூலை இழுத்துக்கொண்டு பலகைமேல் ஏற்றி, செடித்தொட்டியை நகர்த்தி, மறுபக்கம் இறக்கி, அந்த ஊரில் வைத்தேன். படத்தில் மட்டும் தொண்ணூறு. தூணோடு முந்நூறு.

"முப்பதாயிரம் கிலோமீட்டர்" என்றேன். "மணிக்கு எண்ணூறு வீதம், போக முப்பத்தேழரை, வர முப்பத்தேழரை. மொத்தம் எழுபத்தஞ்சு."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்றார் இயக்குநர். "மூணு மணி நேரம் இடிக்குது. விடுப்புக்குள்ள திரும்பணும்னா, நீங்க போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே வானத்துல திரும்பியாகணும். அதுல உங்களுக்கும் பிரயோஜனமில்ல, அண்ணனுக்கும் பிரயோஜனமில்ல."

டீச்சர் கைப்பையைத் திறந்து டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு விமானம் சார். பதினொன்னேகால் மணி நேரத்துல அங்க எறங்குது. இதுல போட்டிருக்கு பாருங்க."

"இது விமானக் கம்பெனியோட சொந்த அபிப்பிராயம். அவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

"அபிப்பிராயம் இல்ல சார். தெனம் போகுது, தெனம் எறங்குது."

"எறங்கட்டும். நாங்க சான்றிதழ் குடுக்கலியே."

அவள் சுவரிடம் போய் நின்று பார்த்தாள். மூன்றாம் வகுப்பு டீச்சர் இல்லையா, எங்கே தப்பு என்று கண் நேராக அங்கேதான் போகும். "சார், நீங்க தூணையும் சேர்த்து அளக்கறீங்க."

குண்டூசி குனிந்து டப்பாவில் ஊசி எண்ணினான்.

"உலகத்தோட சுத்தளவே நாற்பதாயிரம்தான் சார். எந்த ஊரா இருந்தாலும் இருபதாயிரத்துக்கு மேல தூரம் இருக்கவே முடியாது. எங்கிட்டப் படிக்கிற பசங்களே சொல்லும்."

"அது பள்ளிக்கூடத்து உலகம் மேடம். பரீட்சைக்குச் சரி. இது நிர்வாக உலகம்."

"அப்ப இந்தத் தாளைப் பிரிச்சு அந்தத் தாளோட ஒட்டிட்டு அளங்களேன். நானே பசை காய்ச்சிக் கொண்டாறேன்."

இயக்குநரின் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுவரைக்கும் ஆயிரத்து நூத்திச் சொச்சம் சான்றிதழ் குடுத்திருக்கோம். அதுல நாலு பேர்ல ஒருத்தருக்குப் போக முடியாதுன்னு எழுதியிருக்கோம். இப்ப தாளை நகர்த்தினா, அவங்கல்லாம் போயிருக்கலாம்னு ஆயிடும். அவங்க மனசு என்ன பாடுபடும்? அதை யோசிச்சீங்களா? உங்களுக்கு உங்க அண்ணன் மட்டும்தான். எனக்கு அத்தனை பேரும் வேணும்."

டீச்சர் டிக்கெட்டை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். போகும்போது மெஷின் அவளைப் பார்த்து விளக்கைச் சிமிட்டியது. அவள் எந்த முகத்தையும் அமுக்கவில்லை. மறுநாள் தலைமையாசிரியையிடம் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள். உத்தரவு இல்லாமல், ஒரு பெண்பிள்ளை.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அலுவலக போன் அடித்தது. இயக்குநர் எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்று அதற்கும் ஒரு பயிற்சி உண்டு.

"சார், நான் டீச்சர் பேசறேன். நேத்தே வந்து சேர்ந்துட்டேன். அண்ணன் பக்கத்துலதான் இருக்கேன். அதைச் சொன்னா நீங்க கணக்கைத் திருத்திக்குவீங்கன்னு போன் பண்ணினேன்."

"மேடம், நீங்க இப்ப வானத்துல இருக்கீங்க."

"இல்ல சார், ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"பதட்டப்படாதீங்க. இன்னும் பதின்மூன்றரை மணி நேரம் இருக்கு. ஏறி ஒரு நாள்தானே ஆகுது."

"ஒரு நிமிஷம் சார், எங்க அண்ணன் பேசறார்."

கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய பெரிய இடைவெளி விட்டு ஒரு மனிதர் பேசினார். "வந்துட்டா சார். கையைப் பிடிச்சிட்டிருக்கா. வாசல்ல செருப்பு சத்தம் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க சார்."

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. போன் வைக்கப்பட்டது. எங்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இயக்குநரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேனாவை எடுத்து ஃபைலில் எழுதினார்: "மேற்படி ஊழியர் பறந்துகொண்டிருக்கையில் தொலைபேசியில் தொடர்புகொண்டார். உடன் ஓர் ஆண்குரலும் கேட்டது. சக பயணியாக இருக்கலாம்."

அன்று சாயங்காலமே அண்ணன் போய்விட்டார். வியாழக்கிழமை அடக்கத்தை முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை முதல் மணி அடிக்கும்போது டீச்சர் வகுப்பில் நின்றிருந்தாள். எழுபது மணி நேரம். விடுப்பே கொடுத்திருந்தாலும் இரண்டு மணி நேரம் மிச்சம். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் நோட்டீஸ் போனது. எங்கள் கணக்கில் அவள் திரும்பிவர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. வானத்தில் இருக்கிறவள் வகுப்பில் எப்படி நிற்பாள்? ஒன்று, வகுப்பில் நிற்பவள் அவள் இல்லை. அல்லது அவள் போகவே இல்லை. முதல் முடிவுக்கு வந்தால் ஆள் மாறாட்ட வழக்கு, போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும். எனவே, இயக்குநர் மனிதாபிமான அடிப்படையில் இரண்டாவது முடிவுக்கு வந்தார்.

விசாரணை எங்கள் ஹாலிலேயே நடந்தது. நாற்காலி இல்லாததால் அனைவரும் நின்றோம். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது, தூணால் போக முடியாமல் போனவர்களைக் கூப்பிடலாம் என்று இயக்குநர் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடிதங்களை நான்தான் அனுப்பினேன். வருகிற கூட்டம் தூணோடு சேர்த்து எங்களையும் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போகும் என்று, அன்று பழைய சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

நாற்பத்திமூன்று பேர் வந்தார்கள். வரிசையாகத் தூணைப் பார்த்தார்கள். சிலர் தொட்டுப் பார்த்தார்கள். டீச்சர் தன் பாஸ்போர்ட்டைத் திறந்து அங்கே போய் இறங்கிய முத்திரையைக் காட்டினாள். அண்ணனின் சாவுச் சான்றிதழில் "உடனிருந்தவர்: தங்கை" என்று இருந்ததைக் காட்டினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் பஸ் டிரைவர் பேசினார். பெண்டாட்டியைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர். "பதினோரு மணி நேரம்னா நான் போயிருப்பேனே. நான் போகல. அப்ப அது பதினோரு மணி நேரம் இல்ல. அவ்வளவுதான்."

"தபாலாபீஸ்ல இருக்கேன்" என்றாள் இன்னொருத்தி. "நானும் எங்க அக்காவும் ரெட்டை. அவ போனப்ப எனக்கு எழுபத்தாறு மணி நேரம்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தச் சீட்டை அவ போட்டோவுக்குப் பின்னால வெச்சிருக்கேன். இவங்க சொல்றது நெசம்னா அந்தச் சீட்டை நான் என்ன பண்றது? சொல்லுங்க."

"நாங்க எல்லாரும் போகாம இருந்தோம்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இவங்களுக்கு மட்டும் என்ன தனி வானமா?"

இயக்குநர் ஒரு தாளை நீட்டினார். மிகுந்த கருணையோடு தயாரிக்கப்பட்ட தாள். "என் சகோதரரின் இறுதித் தருவாயில் நான் அவரைக் காணவில்லை என உறுதியளிக்கிறேன்" என்று ஒரே வரி. கையெழுத்துப் போட்டால், வராத நாட்கள் சாதாரண விடுப்பாகிவிடும், வேலை தப்பிக்கும். போடாவிட்டால் பணிநீக்கம்.

"அவர் கண்ணை மூடிவிட்டதே நான்தான் சார்" என்றாள் டீச்சர். "இந்தக் கையால. இதையே வெச்சு நான் பார்க்கலைன்னு எப்படி எழுதுவேன்?"

"எழுதிடும்மா" என்றார் பஸ் டிரைவர், கெஞ்சுகிற மாதிரி. "ஒரு வரிதானே. பார்த்தது உன் மனசுல இருக்கப்போகுது. நாங்கல்லாம் பார்க்கலைன்னு இல்லையா? நல்லாத்தானே இருக்கோம்?"

நல்லாத்தானே இருக்கிறோம் என்று ஹால் முழுக்கச் சொன்னது. அப்போது எனக்கும் பேச வேண்டும் போல் ஆகிவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் முன்னால் போனேன்.

"டீச்சர், நானும்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால எங்க அம்மா. தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்துல படுத்துட்டாங்க. உங்க அண்ணன் ஊருக்கும் அந்தாண்ட. என் மனுவுக்கு நூலை நானே பிடிச்சேன். எவ்வளவு இழுத்துப் பிடிச்சேன்னு இந்தக் குண்டூசியைக் கேளுங்க. விரல்ல ரத்தம் வந்துச்சு. இருநூத்தித் தொண்ணூறுக்குக் கீழ வரல. எழுபத்திரண்டரை மணி நேரம். அரை மணி நேரம்தான் அதிகம். அந்த அரை மணி நேரத்துல எங்க அம்மா போச்சு. நான் சண்டை போடல. விதின்னு ஒண்ணு இருக்கில்ல."

சொல்லிவிட்டு ஹாலைப் பார்த்தேன். பல பேர் தலையாட்டினார்கள். உள்ளபடியே எனக்குப் பெருமையாக இருந்தது.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படத்துல மட்டும் எத்தனை சென்டிமீட்டர் அண்ணே?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "நூத்தி நாற்பது."

அவள் உதடு அசைந்தது. வகுத்துப் பார்க்கிறாள். கண் நிறைந்துவிட்டது. "பதினேழரை மணி நேரம்" என்றாள். "போய் வந்தா முப்பத்தஞ்சு. ஒன்றரை நாள் அம்மா பக்கத்துல உக்காந்திருக்கலாம். நீங்க போயிருக்கலாம் அண்ணே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். குத்திக்காட்டியிருந்தால்கூடச் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். அவள் எனக்காக இரங்கிச் சொன்னாள். ஆறு வருஷமாகச் சாப்பிட்டு, தூங்கி, நூல் பிடித்து, நன்றாகத்தான் இருந்தேன். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அது அதிகாரியின்மேல் வரவில்லை. படத்தை வாங்கியவன்மேலும் வரவில்லை. அவள்மேல்தான் வந்தது.

அவள் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. பணிநீக்க உத்தரவில் சாட்சிகள் ஒப்பமிட ஓர் இடம் உண்டு. இயக்குநர் பேனாவை நீட்டி, "யாராவது முதல்ல வாங்க" என்றார். நான் போய்ப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.